பிட் ஃபீல்டு ஏன் தப்பா வருது: சி லைப்ரரியை வேற மொழியில இருந்து கூப்பிடறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

சி-ல எழுதின ஒரு லைப்ரரியை பைத்தான்ல இருந்து கூப்பிடறீங்கன்னு வச்சுக்குங்க, இல்ல லுவா, ரஸ்ட், கோ எதுவா வேணா இருக்கட்டும். ஹெடர் ஃபைல்ல இருக்கற ஸ்ட்ரக்ட்டை, அதாவது பல ஃபீல்டை ஒண்ணா சேத்து வச்ச டேட்டா அமைப்பை, ஒரு ஃபீல்டு விடாம இந்தப் பக்கமும் எழுதியாச்சு. ஓட்டிப் பாத்தா முதல் ஃபீல்டு கச்சிதமா வருது, ரெண்டாவது எப்பவும் 0, மூணாவது ஒரு தடவை ஒண்ணு, இன்னொரு தடவை வேற ஒண்ணு. எரரும் இல்ல, க்ராஷும் இல்ல. பேரு சரி, டைப் சரி, வரிசை சரி, ஹெடரை பக்கத்துல வச்சு எத்தனை தடவை ஒப்பிட்டாலும் தப்பு கண்ணுல படாது. அந்த ஸ்ட்ரக்ட்ல பிட் ஃபீல்டு இருந்துச்சுன்னா ஹெடரை மறுபடி மறுபடி படிக்கறதுல பிரயோஜனமே இல்ல, ஏன்னா நீங்க தேடற விடை அங்க எழுதப்படவே இல்ல.

முதல்ல பிட் ஃபீல்டுன்னா என்னன்னு பாத்துடுவோம். சி-ல ஒரு ஸ்ட்ரக்ட் மெம்பருக்குப் பின்னாடி ஒரு கோலன் போட்டு ஒரு நம்பர் எழுதினா, அந்த மெம்பருக்கு அத்தனை பிட் மட்டும் போதும்னு அர்த்தம். ஆமா-இல்லைன்னு சொல்ற ஒரு ஃப்ளாகுக்கு 32 பிட் எதுக்கு, 1 பிட் போதுமே, அந்த மாதிரி பல சின்னச் சின்ன மதிப்புகளை ஒரே பைட்டுக்குள்ளயோ ரெண்டு பைட்டுக்குள்ளயோ அடுக்கறதுக்குத்தான் இந்த வசதி. ஹார்டுவேர் ரெஜிஸ்டர், நெட்வொர்க் ஹெடர், ஃபைல் ஃபார்மட், பழைய சிஸ்டம் லைப்ரரின்னு நிறைய இடத்துல வரும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு ஸ்ட்ரக்ட்டை வச்சே போவோம், மூணே மெம்பர்:

அன்சைன்ட் சார் நிலை : 5
அன்சைன்ட் ஷார்ட் எண்ணிக்கை : 9
இன்ட் பிழை : 1

மொத்தம் 15 பிட். இதுல நிலைக்கு 3, எண்ணிக்கைக்கு 300, பிழைக்கு 1 போட்டா மெமரில எந்தெந்த பைட் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு சி ஸ்டாண்டர்ட் பதில் சொல்லாது. பிட்டுகளை வைக்க கம்பைலர் ஒதுக்கற இடத்தை யூனிட்னு சொல்வாங்க. ஒரு யூனிட்டுக்குள்ள பிட்டுகளை கீழ இருந்து மேல அடுக்கறதா மேல இருந்து கீழ அடுக்கறதா, ஒரு ஃபீல்டு மிச்ச இடத்துல அடங்கலைன்னா ரெண்டு யூனிட்டுக்கு நடுவுல பரவலாமா இல்ல அடுத்த யூனிட்டுக்குப் போகணுமா, அந்த யூனிட்டோட அலைன்மென்ட் என்ன, அதாவது எத்தனை பைட்டோட மடங்குல அது தொடங்கணும், இதையெல்லாம் செயல்படுத்தறவங்க இஷ்டம்னு ஸ்டாண்டர்ட் விட்டுடுச்சு. சும்மா இன்ட்னு மட்டும் எழுதின பிட் ஃபீல்டு சைன்டா (மைனஸ் மதிப்பும் வரும்) அன்சைன்டாங்கறது (மைனஸ் வராது) கூட கம்பைலர் முடிவு தான். சாதாரண மெம்பர்னா ஆஃப்செட்டாஃப் போட்டு எங்க இருக்குன்னு கேக்கலாம், ஆனா பிட் ஃபீல்டுக்கு ஆஃப்செட்டாஃப் கிடையாது, சைஸ்ஆஃப் கிடையாது, முகவரி எடுக்கவும் முடியாது. அதாவது இந்த மெம்பர் எங்க இருக்குன்னு சி மொழிக்குள்ள இருந்தே நேரா கேக்க வழி இல்ல.

ஸ்டாண்டர்ட் விட்ட இடத்தை நிரப்பறது அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ்னு சொல்ற ஒப்பந்தம். ஒவ்வொரு ப்ளாட்ஃபார்முக்கும் ஒண்ணு இருக்கு. லினக்ஸ்ல ஜிசிசி, க்ளாங் ரெண்டு கம்பைலரும் சிஸ்டம் ஃபைவ் விதியைப் பின்பற்றுது, விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு தனி விதி. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை மட்டும் தெளிவா புரிஞ்சுகிட்டா பாதிக்கு மேல பிரச்சனை தீந்துடும், அதனால இங்க கொஞ்சம் நிதானமா போவோம்.

சிஸ்டம் ஃபைவ் விதி என்ன சொல்லுதுன்னா, அடுத்த ஃபீல்டை முன்னாடி ஃபீல்டு முடிஞ்ச பிட்ல இருந்தே தொடங்கு, டைப் வேறயா இருந்தாலும் பரவால்ல, ஆனா அந்த ஃபீல்டு அதோட டைப்புக்குரிய எல்லையைத் தாண்டக் கூடாது. நம்ம ஸ்ட்ரக்ட்ல நிலை 0ல இருந்து 4 வரைக்கும் பிட். எண்ணிக்கை ஷார்ட், அதாவது 16 பிட் யூனிட், 5வது பிட்ல தொடங்கி 13வது பிட்ல முடியும், 16க்குள்ள அடங்கிடுச்சு, அதனால அங்கயே உக்காந்துக்கும். பிழை 14வது பிட். கடைசில இன்ட் இருக்கறதால ஸ்ட்ரக்ட்டோட அலைன்மென்ட் 4, மொத்த சைஸ் 4 பைட். கணக்குப் போட்டா 3 கூட்டல் 300 பெருக்கல் 32 கூட்டல் 16384, மொத்தம் 25987. கீழ் பைட்டை முதல்ல வைக்கற லிட்டில் எண்டியன் மெஷின்ல மெமரில 131, 101, 0, 0ன்னு நாலு பைட்டா இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் விதி வேற மாதிரி. முன்னாடி ஃபீல்டோட டைப் சைஸும் இந்த ஃபீல்டோட டைப் சைஸும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே யூனிட்டைப் பங்கு போடலாம், சைஸ் மாறிட்டா புது யூனிட். அப்போ நிலை 0வது பைட்ல, எண்ணிக்கை ஷார்ட் அலைன்மென்ட்டுக்காக 2வது பைட்ல, பிழை இன்ட் அலைன்மென்ட்டுக்காக 4வது பைட்ல. மொத்த சைஸ் 8 பைட். அதே ஹெடர், அதே மூணு வரி, ஒரு இடத்துல 4 பைட், இன்னொரு இடத்துல 8 பைட்!

இப்ப ஆரம்பத்துல சொன்ன அறிகுறியை இதோட சேத்துப் பாருங்க. லைப்ரரி சிஸ்டம் ஃபைவ் விதிப்படி 131, 101, 0, 0ன்னு எழுதி வச்சிருக்கு, நம்ம பக்கம் பைண்டிங், அதாவது நம்ம மொழியையும் சி லைப்ரரியையும் இணைக்கற கோடு, மைக்ரோசாஃப்ட் விதிப்படி படிக்குது. நிலையை 0வது பைட்டோட கீழ 5 பிட்ல தேடும், 131ல கீழ 5 பிட் 3, சரியான விடை. எண்ணிக்கையை 2வது பைட்ல தேடும், அங்க 0 தான். பிழையை 4வது பைட்ல தேடும், ஆனா ஸ்ட்ரக்ட்டே 4 பைட்டோட முடிஞ்சு போச்சு, அதுக்கு அப்புறம் மெமரில என்ன கிடக்கோ அதைத்தான் படிக்கும், அதனால ஒரு தடவை 0, இன்னொரு தடவை -1ன்னு மாறி வரும். படிக்கறதோட போச்சுன்னா கூட பரவால்ல, அந்த பிழை ஃபீல்டுல நம்ம பக்கத்துல இருந்து எழுதினோம்னா வேற யாரோட மெமரிலயோ எழுதறோம், அது எங்க போய் எப்ப வெடிக்கும்னு சொல்லவே முடியாது. முதல் ஃபீல்டு எந்த விதில போனாலும் பெரும்பாலும் சரியா வரும், அதனால முதல் ஃபீல்டை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு வேலை செய்யுதுன்னு முடிவு கட்டறது இந்த விஷயத்துல ரொம்ப ஆபத்து.

சரி, பைண்டிங் லைப்ரரி உள்ள என்ன பண்ணுது? அதுகிட்ட சி கம்பைலர் கிடையாது. நீங்க குடுத்த டைப், பிட் எண்ணிக்கை இது ரெண்டை மட்டும் வச்சுகிட்டு கம்பைலர் என்ன பண்ணியிருக்கும்னு அதுவே ஒரு கணக்கு போட்டுப் பாக்குது. அந்தக் கணக்கு கம்பைலர் கணக்கோட ஒத்துப் போனா எல்லாம் சரி, ஒரு ஓரமான கேஸ்ல பிசகினாலும் தப்பு மதிப்பு. அதுக்கு மூணு வேலை இருக்கு, ஒவ்வொரு ஃபீல்டும் எங்க இருக்குன்னு தீர்மானிக்கறது, படிக்கறது, எழுதறது. மூணுலயும் தனித்தனியா தப்பு வரலாம், அதனால டீபக் பண்ணும்போது எந்த வேலைல தப்புன்னு முதல்ல பிரிச்சுப் பாக்கணும்.

பைத்தான்ல இருந்து சி லைப்ரரியைக் கூப்பிட உதவற சிடைப்ஸை எடுத்துக்குவோம், நிறைய பேர் தொடறது அதைத்தான். 2006ல வந்த பைத்தான் 2.5ல இருந்து ஸ்டாண்டர்ட் லைப்ரரில இருக்கு. ஃபீல்டு பட்டியல்ல பேரு, டைப் ரெண்டுக்கும் அப்புறம் மூணாவதா பிட் எண்ணிக்கை குடுத்தா அது பிட் ஃபீல்டு. எந்த ஃபீல்டு எங்கன்னு தீர்மானிக்கற இந்த லேஅவுட் கணக்கு ரொம்ப வருஷமா சி கோடுக்குள்ள, புது பிட் ஃபீல்டு, பழசோட தொடர்ச்சி, யூனிட்டை விரிவாக்கறதுன்னு சில கேஸா பிரிச்சு எழுதப்பட்டிருந்துச்சு, டைப் கலந்து வர்ற சில ஸ்ட்ரக்ட்டுகளுக்கு லினக்ஸ்ல ஜிசிசியோட ஒத்துப் போகாம தப்பா வந்ததுண்டு. பைத்தான் 3.14ல இந்தப் பகுதியை திருத்தி எழுதினாங்க, கூடவே எந்த விதின்னு நீங்களே சொல்றதுக்கு லேஅவுட்னு ஒரு ஆட்ரிப்யூட்டும் வந்துச்சு, மைக்ரோசாஃப்ட் விதியா ஜிசிசி சிஸ்டம் ஃபைவ் விதியான்னு வெளிப்படையா எழுதிடலாம். எனக்கு இது ரொம்ப நல்ல மாற்றமா படுது, ஏன்னா ஊகம் பண்ண வேண்டிய ஒரு விஷயத்தை கோடுலயே எழுதிக் காட்ட முடியுது, பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியும்.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனிங்க. சிடைப்ஸ்ல மெம்பர்களை நடுவுல இடம் விடாம நெருக்கி வைக்கச் சொல்ற பேக் ஆட்ரிப்யூட் குடுத்தீங்கன்னா லினக்ஸ்லயே இருந்தாலும் அது மைக்ரோசாஃப்ட் விதிக்குப் போயிடும். சி பக்கம் ஜிசிசியோட பேக்டு ஆட்ரிப்யூட் இருக்கேன்னு இந்தப் பக்கம் பேக் 1ன்னு போட்டுட்டு ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கறது சகஜம், சாதாரண மெம்பர்களுக்கு ஒத்துப் போகும், பிட் ஃபீல்டு வந்ததும் பிரிஞ்சுடும். ஷார்ட் 9 பிட், ஷார்ட் 9 பிட்னு ரெண்டு ஃபீல்டு இருந்தா சாதாரணமா ரெண்டாவது 16வது பிட்ல தொடங்கும், மொத்தம் 4 பைட், ஆனா ஜிசிசில பேக்டு போட்டா எல்லைக் கட்டுப்பாடே போயிடும், ரெண்டாவது 9வது பிட்லயே தொடங்கும், மொத்தம் 3 பைட்.

சிடைப்ஸ் கணிச்ச இடத்தை எப்படி பாக்கறது? ஸ்ட்ரக்ட் க்ளாஸ்ல ஃபீல்டு பேரைக் கேட்டா ஒரு டிஸ்க்ரிப்டர் வரும், அதுல ஆஃப்செட், சைஸ் ரெண்டும் இருக்கும். சைஸை முதல் தடவை பாக்கறவங்க மிரண்டுடுவாங்க, 9 பிட் ஃபீல்டுக்கு 589829ன்னு வரும். அது குப்பை இல்ல, ரெண்டு நம்பரை ஒண்ணா அடைச்சு வச்சிருக்கு. மேல 16 பிட்ல ஃபீல்டோட அகலம், கீழ 16 பிட்ல அது தொடங்கற பிட். 9 பெருக்கல் 65536 கூட்டல் 5, அதாவது 9 பிட், 5வது பிட்ல தொடங்குது. இதுவே 589824ன்னு வந்து ஆஃப்செட் 2ன்னு இருந்தா, பைண்டிங் மைக்ரோசாஃப்ட் விதில போயிருக்குன்னு ஒரு பார்வைலயே தெரிஞ்சுடும். 3.14ல பிட் சைஸ், பிட் ஆஃப்செட், பைட் ஆஃப்செட்னு தனித்தனி ஆட்ரிப்யூட்டாவே குடுத்துட்டாங்க, பழைய வெர்ஷன்ல இருக்கறவங்க 65536ஆல வகுத்துக்குங்க.

அடுத்தது படிக்கற வேலை. யூனிட்டை முழுசா ஒரு இன்டிஜரா எடுத்து, வேணாத மேல் பிட்டெல்லாம் வெளிய விழற மாதிரி இடப்பக்கம் ஷிஃப்ட், அப்புறம் ஃபீல்டு அடில வந்து உக்கார்ற மாதிரி வலப்பக்கம் ஷிஃப்ட், சிடைப்ஸும் இப்படித்தான் பண்ணுது. இதுல அழகு என்னன்னா டைப் சைன்டா இருந்தா வலப்பக்க ஷிஃப்ட் சைன் பிட்டை தானாவே பரப்பிடும், அன்சைன்டா இருந்தா 0 நிரப்பும். ஆனா டைப்பை நீங்க தப்பா குடுத்துட்டா விடையும் தப்பு. நம்ம பிழை ஃபீல்டைப் பாருங்க, அது இன்ட், 1 பிட். ஜிசிசி அதை சைன்டா எடுத்துக்கும், சைன்ட் 1 பிட்ல வைக்க முடிஞ்ச மதிப்பு 0, -1 ரெண்டு மட்டும் தான், 1ங்கற மதிப்புக்கு அங்க இடமே இல்ல. 1ன்னு எழுதிட்டு திரும்பப் படிச்சா -1 வரும். பிழை 1க்கு சமமான்னு கேட்டு எழுதின கண்டிஷன் ஒருநாளும் உண்மை ஆகாது. இது பைண்டிங்ல இருக்கற பக் இல்ல, சி-லயும் அப்படித்தான் வரும், ஆனா பைண்டிங் பக்கம் முதல் தடவை -1ஐப் பாக்கறவங்க லேஅவுட் தப்போன்னு தேட ஆரம்பிச்சுடறாங்க. 1 பிட் ஃபீல்டுல -1 வந்தா முதல்ல டைப்பைப் பாருங்க. சி பக்கத்து ஹெடர் உங்க கைல இருந்தா அதை அன்சைன்ட் இன்ட்னு மாத்தறது தான் நியாயமான திருத்தம்.

எழுதற வேலை இன்னும் நுணுக்கமானது. 5 பிட்டை மட்டும் மெமரில எழுதற இன்ஸ்ட்ரக்ஷன் சாதாரணமா கிடையாது, அதனால யூனிட் முழுசையும் படிச்சு, மாஸ்க் (எந்தெந்த பிட்டுன்னு 1 போட்டுக் காட்டற நம்பர்) வச்சு பழைய பிட்டை மட்டும் அழிச்சு, புது மதிப்பை அந்த இடத்துக்கு நகர்த்தி சேத்து, யூனிட் முழுசையும் திரும்ப எழுதணும். மாஸ்க்ல ஒரு பிட் தப்பினாலும் பக்கத்து ஃபீல்டு கெட்டுடும். நீங்க நிலையை மாத்தினீங்க, எண்ணிக்கை மாறிப் போச்சுன்னா சந்தேகப்பட வேண்டிய இடம் இது தான்.

மாஸ்க் போடறதுல ரொம்ப பழைய ஒரு பக் உண்டு, இதை நீங்களே பைண்டிங் எழுதும்போது மாட்டிப்பீங்க அதனால சொல்றேன். அகலம் 9ன்னா 1ஐ 9 தடவை இடப்பக்கம் நகர்த்தி 1 கழிச்சா 511, ஒன்பது பிட்டும் 1. நல்லா தான் இருக்கு. ஆனா 32 பிட் இன்ட்ல அகலமும் 32ன்னு யாராவது எழுதினா? 32 பிட் மதிப்பை 32 தடவை நகர்த்தறது சி-ல வரையறுக்கப்படாத செயல், எது வேணா நடக்கலாம். எக்ஸ்86 ப்ராசஸர் 32 பிட் ஷிஃப்ட்ல எண்ணிக்கையோட கீழ 5 பிட்டை மட்டும் தான் பாக்கும், 32ல கீழ 5 பிட் 0, அதனால நகர்த்தவே நகர்த்தாது, 1 அப்படியே நிக்கும், 1 கழிச்சா மாஸ்க் 0. மாஸ்க் 0ன்னா எழுதறது எதுவும் எழுதப்படாது, மதிப்பு காணாமப் போயிடும். சிடைப்ஸ்ல இதைத் தவிர்க்க அகலத்துல ஒண்ணு குறைச்சு நகர்த்தி, 1 கழிச்சு, இன்னும் ஒரு தடவை நகர்த்தி, 1 கூட்டறாங்க. பாக்க சுத்தி வளைச்ச மாதிரி இருக்கும், ஆனா முழு அகலத்துக்கும் சரியா வேலை செய்யும்.

இந்த படிச்சு-மாத்தி-எழுதற முறைல இன்னொரு ஆபத்து, எத்தனை அகலமான யூனிட்டை எடுக்கறோம்ங்கறது. 2012ல லினக்ஸ் கர்னல்ல ஒரு மெமரி கெட்டுப் போற பிரச்சனை வந்துச்சு, ஐடேனியம் மெஷின்ல ஜிசிசி ஒரு பிட் ஃபீல்டை மாத்தறதுக்கு 64 பிட்டா படிச்சு 64 பிட்டா எழுதிடுச்சு, பிட் ஃபீல்டுக்குப் பக்கத்துலயே 32 பிட் ஸ்பின்லாக் ஒண்ணு இருந்துச்சு, வேற ப்ராசஸர் அந்த லாக்கை மாத்தற அதே நேரத்துல இது பழைய மதிப்பை அது மேல எழுதிட்டுப் போயிடுச்சு. கம்பைலரே பண்ணின தப்பை பைண்டிங் லைப்ரரியும் தாராளமா பண்ணலாம், டைப்பை தேவைக்கு மேல அகலமா குடுத்தீங்கன்னா அதுக்கு வழி விடறீங்க. பல த்ரெட் ஓடற இடத்துல பக்கத்து பக்கத்து பிட் ஃபீல்டுகளை தனித்தனி லாக் வச்சு பாதுகாக்கவே முடியாது, சி11 மெமரி மாடல்லயே ஒட்டி வர்ற பிட் ஃபீல்டெல்லாம் சேந்து ஒரே மெமரி இடம்னு தான் கணக்கு.

இப்ப டீபக் பண்ற முறைக்கு வருவோம். மேல சொன்னதுல இருந்து ஒண்ணு புரிஞ்சிருக்கும், உண்மை கம்பைலர் கிட்ட இருக்கு, அதனால கேள்வியையும் கம்பைலர் கிட்டயே கேளுங்க. முகவரி கேக்க முடியாதே, பின்ன எப்படி? பைட்டை வச்சு கேக்கலாம். சின்னதா ஒரு சி ப்ரோக்ராம் எழுதுங்க, அதே ஹெடரை இன்க்ளூட் பண்ணுங்க, சைஸ்ஆஃப் எவ்வளவுன்னு ப்ரிண்ட் பண்ணுங்க. அப்புறம் மெம்செட் போட்டு ஸ்ட்ரக்ட் முழுக்க 0 ஆக்கிட்டு, ஒரே ஒரு ஃபீல்டுல மட்டும் -1 போடுங்க, எத்தனை பிட்டா இருந்தாலும் எல்லா பிட்டும் 1 ஆயிடும். ஸ்ட்ரக்ட்டை அன்சைன்ட் சார் பாயின்டரா பாத்து ஒவ்வொரு பைட்டையும் ப்ரிண்ட் பண்ணுங்க. மறுபடி 0 ஆக்கிட்டு அடுத்த ஃபீல்டு. நம்ம ஸ்ட்ரக்ட்டுக்கு லினக்ஸ்ல இப்படி வரும்:

நிலை: 31, 0, 0, 0
எண்ணிக்கை: 224, 63, 0, 0
பிழை: 0, 64, 0, 0

224ல மேல மூணு பிட், 63ல கீழ ஆறு பிட், சேந்து ஒன்பது, அது 5வது பிட்ல தொடங்குது, எல்லாம் கண்ணு முன்னாடி. இதுவே மைக்ரோசாஃப்ட் கம்பைலர்ல ஓட்டினா எட்டு பைட் வரும், எண்ணிக்கைக்கு 0, 0, 255, 1 அதுக்கப்புறம் நாலு 0. எந்த ஆவணத்தையும் புரட்ட வேண்டாம், விதி எதுன்னு அந்த பைட்டுகளே சொல்லிடும்.

இதே சோதனையை பைண்டிங் பக்கத்துலயும் பண்ணுங்க. 0 நிரப்பின பஃபர்ல ஒரு ஃபீல்டுல எல்லா பிட்டையும் 1 ஆக்கி பைட்டைப் பாருங்க, அப்புறம் தலைகீழா, சி பக்கத்துல கிடைச்ச பைட்டுகளை பஃபர்ல போட்டு ஃபீல்டைப் படிச்சுப் பாருங்க. பஃபரை சி சொன்ன சைஸை விட கொஞ்சம் பெருசா எடுத்து, மிச்ச இடத்துல ஏதாவது அடையாள மதிப்பு போட்டு வச்சீங்கன்னா எல்லை தாண்டி எழுதுதான்னும் தெரிஞ்சுடும். சைஸே ஒத்துப் போகலைன்னா வேற எதையும் பாக்காதீங்க, லேஅவுட் விதி தப்பு, அதை சரி பண்ணிட்டு மேல போங்க. சைஸ் ஒத்துப் போயும் பைட் ஒத்துப் போகலைன்னா ஃபீல்டு இடம் தப்பு. எழுதினா வர்ற பைட் சரியா இருந்து படிக்கும்போது மதிப்பு தப்புன்னா சைன் பிரச்சனையா இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் பஃபர் முழுக்க 255 போட்டுட்டு ஒரு ஃபீல்டை 0 ஆக்கிப் பாக்கறதையும் விட்டுடாதீங்க, 0 நிரப்பின பஃபர்ல மட்டும் சோதிச்சா பக்கத்து ஃபீல்டை அழிக்கற மாஸ்க் தப்பு தெரியவே தெரியாது, அங்க அழியறதுக்கு எதுவும் இல்லையே.

அந்த சின்ன ப்ரோக்ராமை லைப்ரரியை கம்பைல் பண்ணின அதே கம்பைலர், அதே ஆப்ஷனோட தான் கம்பைல் பண்ணணும், இல்லைன்னா சோதனைக்கே அர்த்தம் இல்ல. விண்டோஸ்ல மின்ஜிடபிள்யூ பயன்படுத்தறவங்க முக்கியமா கவனிக்கணும், ஜிசிசி 4.7ல இருந்து அங்க மைக்ரோசாஃப்ட் பிட் ஃபீல்டு விதி தான் டிஃபால்ட், அதுக்கு முந்தின வெர்ஷன்ல கம்பைல் ஆன பழைய டிஎல்எல் வேற விதில இருக்கலாம். ஹெடருக்கு மேல எங்கயோ ப்ராக்மா பேக் ஒண்ணு ஒளிஞ்சிருக்கான்னும் பாருங்க. அகலம் 0 போட்ட பேர் இல்லாத பிட் ஃபீல்டு ஒண்ணு நடுவுல வந்தா, அடுத்த ஃபீல்டை புது யூனிட்ல தொடங்குன்னு அர்த்தம், பேர் இல்லையேன்னு அதை விட்டுட்டு எழுதினா பின்னாடி வர்றதெல்லாம் இடம் மாறிடும்.

ப்ரோக்ராம் எழுத முடியாம பைனரி மட்டும் கைல இருந்து அதுல டீபக் தகவலும் இருந்தா பஹோல்னு ஒரு டூல் ஸ்ட்ரக்ட் லேஅவுட்டை பிட் வரைக்கும் காட்டும், ஜிடிபில பிடைப் கட்டளையோட ஆஃப்செட் காட்டற ஆப்ஷன் போட்டாலும் வரும்.

எண்டியன் விஷயத்தை தனியா சொல்லணும், ஏன்னா இங்க பைட் வரிசையை திருப்பிட்டா போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, பிட் ஃபீல்டுல அது போதாது. மேல் பைட்டை முதல்ல வைக்கற பிக் எண்டியன் ப்ளாட்ஃபார்ம்ல கம்பைலர் வழக்கமா பிட்டுகளை மேல இருந்து கீழ அடுக்கும். ஐபி வெர்ஷன் 4 பாக்கெட்டோட முதல் பைட்டைப் பாருங்க, ஆப்ஷன் எதுவும் இல்லாத பாக்கெட்ல அது 69, பைனரில 01000101. மேல நாலு பிட் வெர்ஷன், அதாவது 4, கீழ நாலு பிட் ஹெடர் நீளம், அதாவது 5. ஒரே ஒரு பைட் தான், இதுல திருப்பறதுக்கு பைட் வரிசையே இல்ல, ஆனா ஸ்ட்ரக்ட்ல வெர்ஷனை முதல்ல எழுதி லிட்டில் எண்டியன் மெஷின்ல கம்பைல் பண்ணினா வெர்ஷன் 5, நீளம் 4ன்னு மாறி வரும். அதனாலதான் லினக்ஸோட ஐபி ஹெடர் ஸ்ட்ரக்ட்ல இந்த ரெண்டு ஃபீல்டையும் லிட்டில் எண்டியனுக்கு ஒரு வரிசை, பிக் எண்டியனுக்கு ஒரு வரிசைன்னு இஃப்டெஃப் போட்டு ரெண்டு தடவை எழுதி வச்சிருக்காங்க. உங்க பைண்டிங் அந்த இஃப்டெஃப்ல எந்தப் பக்கத்தைப் பாத்து எழுதப்பட்டதுங்கறது ரொம்ப முக்கியம்.

ஸ்ட்ரக்ட்டை பாயின்டரா இல்லாம நேரா மதிப்பா ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பறதுன்னா அது வேற தலைவலி. பல மொழிகளோட பைண்டிங்குக்கு அடில ஓடறது லிப்எஃப்எஃப்ஐ, அதுல பிட் ஃபீல்டுக்கு ஆதரவே இல்லைன்னு அதோட மேனுவலே சொல்லுது. சிடைப்ஸ் ஆவணமும் பிட் ஃபீல்டு உள்ள ஸ்ட்ரக்ட்டை எப்பவும் பாயின்டரா தான் அனுப்பணும்னு எச்சரிக்குது. ஒரு மெஷின்ல வேலை செஞ்சா கூட அதை நம்பாதீங்க, ரெஜிஸ்டர்ல எப்படி போகும்ங்கறது ப்ளாட்ஃபார்முக்கு ப்ளாட்ஃபார்ம் மாறும்.

மத்த மொழிகள் இதை எப்படி கையாளுதுன்னு பாத்தா, கோ மொழியோட சிகோ பிட் ஃபீல்டை ஸ்ட்ரக்ட்ல இருந்தே விட்டுடும், அந்த இடத்துல பேடிங் போட்டு மிச்ச மெம்பர்களை மட்டும் சரியான இடத்துல வைக்கும். ரஸ்ட்டோட பைண்ட்ஜென் ஹெடரை க்ளாங் வச்சு படிச்சு, க்ளாங் சொல்ற இடத்தை எடுத்துகிட்டு, ஒவ்வொரு பிட் ஃபீல்டுக்கும் படிக்க ஒரு ஃபங்ஷன், எழுத ஒரு ஃபங்ஷன்னு உருவாக்கிக் குடுக்கும். ரெண்டுலயும் நேர்மை இருக்கு, ஒண்ணு முடியாததை முடியாதுன்னு சொல்லுது, இன்னொண்ணு ஊகம் பண்ணாம கம்பைலரைக் கேக்குது.

நீங்களே செய்யறதா இருந்தா ரெண்டு வழி நம்பகமானது. முதல் வழி, சி-ல நாலஞ்சு வரில சின்னச் சின்ன ஃபங்ஷன் எழுதுங்க, ஸ்ட்ரக்ட் பாயின்டரை வாங்கி எண்ணிக்கையைத் திருப்பித் தர ஒண்ணு, எழுத ஒண்ணு. அதை லைப்ரரியோட அதே கம்பைலர்ல கம்பைல் பண்ணி வச்சுட்டா, எந்த பிட் எங்க இருக்குங்கற கவலையே உங்களுக்கு வேண்டாம், எந்த ப்ளாட்ஃபார்முக்குப் போனாலும் அங்க மறுபடி கம்பைல் பண்ணினா போதும். ஃபங்ஷன் கால் செலவு கொஞ்சம் கூடும் தான், ஆனா ஒரு வினாடிக்கு லட்சக்கணக்குல கூப்பிடறவங்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

ரெண்டாவது வழி, சி கம்பைலர் இல்லாத சூழல்ல வேலை செய்யறவங்களுக்கு. பைண்டிங்ல பிட் ஃபீல்டுன்னே எழுதாதீங்க, அந்த இடத்தை ஒரு சாதாரண 32 பிட் அன்சைன்ட் இன்டிஜரா அறிவிச்சுட்டு, ஷிஃப்டும் மாஸ்க்கும் உங்க மொழிலயே போடுங்க. நம்ம ஸ்ட்ரக்ட்டுக்கு லினக்ஸ்ல அந்த இன்டிஜரை 5 தடவை வலப்பக்கம் நகர்த்தி 511ஓட ஆண்ட் போட்டா எண்ணிக்கை வந்துடும், 25987ல போட்டுப் பாருங்க, 300 வரும். விண்டோஸ் லைப்ரரிக்கு வேற எண்கள், அதை தனியா எழுதுங்க, எது எந்த கம்பைலர்ல சோதிச்சதுன்னு பக்கத்துலயே கமெண்ட் போடுங்க. அந்த சின்ன சோதனை ப்ரோக்ராமை தூக்கிப் போடாம டெஸ்ட் ஃபோல்டர்லயே வச்சு, அது ப்ரிண்ட் பண்ற பைட்டோட பைண்டிங்கோட பைட்டை தானாவே ஒப்பிடற மாதிரி பண்ணிட்டீங்கன்னா, நாளைக்கு லைப்ரரி ஹெடர்ல யாரோ ஒரு ஃபீல்டை 9ல இருந்து 10 பிட்டா மாத்தினாலும் அன்னைக்கே டெஸ்ட் விழுந்து தெரிஞ்சுடும்.